சாட்சி நிற்கவில்லை

கல்யாணத்துக்கு இன்னும் இருபத்திரண்டு நாள் இருந்தது. மணப்பெண்ணுக்கு வயது அறுபத்தொன்று, மாப்பிள்ளைக்கு அறுபத்துநாலு, மணப்பெண்ணின் அம்மாவுக்குத் தொண்ணூற்றொன்று. இந்த மூவரில் பிடிவாதம் யாருக்கு ஜாஸ்தி என்று அமெரிக்காவின் ஃபால் ரிவரில், கொலம்பியா தெருவில் யாரைக் கேட்டாலும், யோசிக்காமல் அம்மாவின் ஜன்னலைத்தான் காட்டுவார்கள்.

"நான் வரலை" என்றாள் அம்மா இதலினா. மடியில் மொச்சைத் தட்டு. கண் சரியாகத் தெரியாவிட்டாலும் விரல்கள் தோலை உரித்துக்கொண்டே இருந்தன. "நீ தாராளமா பண்ணிக்கோ. என்னைக் கூப்பிடாதே."

"ஜெர்மானோ உனக்கு என்னம்மா பண்ணினாரு?" என்றாள் நத்தாலியா.

"அவன் ஒண்ணும் பண்ணலை. அவன் தாத்தா பண்ணினதே மூணு தலைமுறைக்குப் போதும். போயும் போயும் ஒரு ஃபுர்த்தாதோ வீட்டு ஆளு! இந்த ஊர்ல வேற ஆம்பளையே கிடைக்கலையா உனக்கு?"

"அறுபத்தோரு வயசுல வரிசையிலயாம்மா நிக்கறாங்க?"

இதலினாவுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. ஆனால் அதை வரவிடவில்லை. "பல்லைப் பிடுங்க வந்தவனைப் பல்லோட அனுப்பியிருக்கணும்" என்றாள்.

அதுவும் உண்மைதான். பல் டாக்டரிடம் வரவேற்பு மேஜையில் நத்தாலியா முப்பது வருஷம் உட்கார்ந்திருந்தாள். ஓய்வு பெறுவதற்குச் சரியாக ஒரு மாதம் முன்பு கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார் ஜெர்மானோ ஃபுர்த்தாதோ. டவுன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். ஒரு பல்லுக்கு ஆறு தடவை வந்தார். டாக்டருக்கே புரிந்துவிட்டது.

அம்மா இல்லாமல் கல்யாணம் செய்துகொள்ளலாம். யாரும் தடுக்க முடியாது. ஆனால் நத்தாலியாவுக்கு மனசு வரவில்லை. அந்த மூன்று மாடி மரவீட்டில் கீழே அம்மா, மேலே அவள். நத்தாலியாவின் புருஷன் இறந்த பிறகு ஒன்பது வருஷம், ஒரு நாள் தவறாமல், சாயங்காலம் ஆறு மணிக்குத் துடைப்பக் கட்டையால் கூரையில் இரண்டு தட்டுத் தட்டி, "சூப் ஆறுதுடீ" என்று கூப்பிட்டவள் அம்மா. அப்படிப்பட்டவளைக் கீழே தனியாக உட்கார வைத்துவிட்டு, தான் பூவும் கையுமாகக் காரில் ஏறுவதா? "அம்மா வரலைன்னா எனக்குக் கல்யாணம் வேண்டாம்" என்று ஜெர்மானோவிடம் சொல்லியே விட்டாள். அவர் தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தார்.

இதலினாவின் கோபத்துக்குக் காரணம் தெரு முழுக்கத் தெரியும். அவளே நூறு தடவை சொல்லியிருக்கிறாள்.

அவளுடைய அப்பா பெல்மீரோ ரெசெண்டே. ஜெர்மானோவின் தாத்தா திபூர்சியோ ஃபுர்த்தாதோ. இரண்டு பேரும் போர்ச்சுகலின் சான் மிகேல் தீவில் ஒரே ஊர், ஒரே வயசு, 1909-ல் ஒரே கப்பல். ஒரே மில்லில் நூல் சுற்றினார்கள். பெல்மீரோவுக்கு முதல் பெண் பிறந்தபோது ஞானஸ்நானத் தொட்டியருகில் அவளைக் கையில் ஏந்தியவர் திபூர்சியோதான். ஆக அவர் இதலினாவின் ஞானத்தகப்பன். எங்கே பார்த்தாலும் அந்தச் சிறுமி ஓடிப்போய், "ஞானத்தப்பா, ஆசி குடுங்க" என்று கேட்க வேண்டும். அவர் தலையில் கைவைக்க வேண்டும். வழக்கம் அப்படி.

மில்கள் மூடிய பிறகு பெல்மீரோ அரசாங்க ரோடு வேலைக்குப் போனார். குடியுரிமை இல்லாதவர்களை அந்த வேலையிலிருந்து நிறுத்தப் போகிறார்கள் என்று பேச்சு வந்ததும், குடியுரிமைக்கு மனு போட்டார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பதினைந்து வயது இதலினாதான் வாத்தியார். ஜனாதிபதி யார், கொடியில் எத்தனை நட்சத்திரம் என்று அடுப்படியில் வைத்து ஒப்பிக்க வைத்தாள். கையெழுத்துப் போடவும் பழக்கினாள். வாத்தியாராக வேண்டும் என்பது அவள் கனவு. முதல் மாணவனாக அப்பாவே கிடைத்துவிட்டார்.

மனு போடுகிறவருக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும். இரண்டு பேரும் குடிமக்களாக இருக்க வேண்டும். கறிக்கடைக்காரர் ஒருவர், திபூர்சியோ இன்னொருவர். 1938 அக்டோபரில் ஒரு நாள் பெல்மீரோ இருக்கிற ஒரே கோட்டைப் போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குப் போனார். திரும்பி வந்து, "திபூர்சியோ சாட்சி நிக்கலை" என்றார். மனு தள்ளுபடி. அடுத்த வருஷம் ஆரம்பத்திலேயே ரோடு வேலையும் போனது. பதினாறு வயதில் இதலினா பள்ளிக்கூடப் பையை ஆணியில் மாட்டிவிட்டுத் திரைச்சீலை தைக்கும் கம்பெனியில் போய் உட்கார்ந்தாள். நாற்பத்தாறு வருஷம் கழித்துத்தான் அங்கிருந்து எழுந்தாள்.

"1946-ல எனக்குக் கல்யாணம்" என்பாள் கதையின் கடைசியில், ஒவ்வொரு தடவையும் அதே பெருமையோடு. "கோயில்ல கடைசி வரிசையில அந்தத் திபூர்சியோ தொப்பியைக் கையில வச்சிட்டு நின்னான். 'போய் ஞானத்தப்பன்கிட்ட ஆசி வாங்கிக்கோம்மா'ன்னு அப்பா காதுல சொன்னாரு. நான் கழுத்தைக்கூடத் திருப்பலை. விறுவிறுன்னு போயிட்டேன்."

இதற்கு மேல் யார் என்ன பேசுவது?

"கோர்ட்டுக் காகிதம் எங்கயாவது இருக்கும்" என்றாள் நத்தாலியா ஜெர்மானோவிடம். "வால்தம் ஆவணக் காப்பகத்துல பழைய குடியுரிமை மனு எல்லாம் வச்சிருக்காங்களாம். ஏன் வரலைன்னு ஏதாவது எழுதியிருப்பாங்க. உடம்பு சரியில்லை, காய்ச்சல், ஏதோ ஒண்ணு. அம்மாகிட்ட காட்டலாம்."

"காய்ச்சலுக்குப் பதிலா வேற ஏதாவது எழுதியிருந்தா?"

"என்ன எழுதியிருக்கும்?"

வால்தமுக்குக் காரில் கிளம்பும் வரை ஜெர்மானோ அதைச் சொல்லவில்லை. நெடுஞ்சாலையில் ஏறி, முன்னால் போன லாரியைத் தாண்டிய பிறகுதான் சொன்னார். "தாத்தா கொஞ்சம் குடிப்பாரு, நத்தாலியா. முந்தின நாள் குடிச்சிட்டுத் தூங்கியிருந்தா?"

"இருந்தா இருக்கட்டும்."

"உங்க அம்மா என்னைப் படியில உருட்டி விட்டுடுவாங்க."

"அவங்களுக்கு உங்க தாத்தாவைத்தான் உருட்டணும். ஆள் உயிரோட இல்லாததுனால உங்களைப் பாக்கறாங்க."

அவர் சிரித்தார். ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கை தளரவில்லை. அவரை வளர்த்தவர் அந்தத் தாத்தாதான். நத்தாலியாவுக்கு அவர்மேல் இரக்கமாக இருந்தது. கல்யாணத்துக்காக ஒரு மனிதனைத் தன் சொந்தத் தாத்தாவின் மானத்தைக் காப்பகப் பெட்டிக்குள் போய்த் தேட வைக்கிறோமே என்று குத்தியது. ஆனாலும் காரைத் திருப்பச் சொல்லவில்லை.

காப்பகத்தில் டோரீன் என்ற அம்மாள் இருந்தாள். ஐம்பது வயசு இருக்கும். கழுத்தில் ஒரு கண்ணாடி, தலைமேல் ஒரு கண்ணாடி, மூன்றாவதைத் தேடிக்கொண்டிருந்தாள். பழைய காகிதத்தில் மை படக்கூடாது என்று அவர்கள் பேனாவை வாங்கி வைத்துக்கொண்டு பென்சிலைக் கொடுத்தாள்.

பெல்மீரோ ரெசெண்டே என்று அட்டவணையில் யாரும் இல்லை. ரெசெண்டிஸ், ரெசன்டா, ரிசெண்ட் என்று ஒரு கூட்டமே இருந்தது. அதில் பெல்மீரோ இல்லை.

"காதுல விழுந்ததை எழுதினவங்க காலம் அது" என்றாள் டோரீன். "பேரை விடுங்க. பிறந்த தேதி சொல்லுங்க, பிள்ளைங்க பேரைச் சொல்லுங்க."

அப்படித் தேடியதில் "பால்மர் ரெசெண்டிஸ்" என்று ஒருவர் அகப்பட்டார். மனைவி, ஐந்து பிள்ளைகள், மூத்தவள் இதலினா. அதே கொலம்பியா தெரு. கீழே கையெழுத்து மட்டும் பெல்மீரோ ரெசெண்டே என்று ஒழுங்காக இருந்தது. மேலே எழுதிய குமாஸ்தா தப்பாக எழுதினாலும், எழுதப் படிக்கத் தெரியாதவர் தன் பெயரைச் சரியாகவே போட்டிருந்தார். 

அந்தப் பக்கத்தின் அடியில் ஒரு ரப்பர் முத்திரை. மனு நிராகரிக்கப்பட்டது. காரணம் என்ற இடத்தில் கையால் எழுதியிருந்தது: சாட்சி தகுதியற்றவர்.

ஜெர்மானோ அதை இரண்டு தடவை படித்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். "நான் சொன்னேன்ல" என்றார் மெதுவாக. "குடிச்சிட்டுத்தான் போயிருக்காரு. கோர்ட்டுலயே தகுதியில்லைன்னு எழுதிட்டாங்க. இதை எப்படி உங்க அம்மாகிட்ட காட்டறது?"

"குடியா? யார் சொன்னா?" என்று குறுக்கே வந்தாள் டோரீன். "இந்தக் காகிதத்துல தகுதியில்லைன்னா ஒழுக்கத்தைச் சொல்லலைங்க. சாட்சி சொல்ல அவருக்குச் சட்டப்படி உரிமை இல்லைன்னு அர்த்தம். மனு போட்டவரோட அஞ்சு வருஷப் பழக்கம் இல்லாதவரா இருப்பாரு, இல்லைன்னா குடிமகனே இல்லாதவரா இருப்பாரு."

"முப்பது வருஷப் பழக்கம்" என்றாள் நத்தாலியா.

"அப்ப ரெண்டாவதுதான். ஓரத்தைப் பாருங்க, பென்சில்ல ஏதோ இருக்கு." டோரீன் ஒருவழியாக மூன்றாவது கண்ணாடியைக் கண்டுபிடித்துப் போட்டுக்கொண்டாள். "சாட்சி டி. ஃபுர்த்தாதோ, நேரில் வந்தார். முதல் காகிதம் மட்டுமே உள்ளவர். திருப்பி அனுப்பப்பட்டார்."

நேரில் வந்தார். நத்தாலியா அந்த இரண்டு வார்த்தைமேல் விரலை வைத்தாள், வைத்தபடியே இருந்தாள்.

"இருக்க முடியாது" என்றார் ஜெர்மானோ. குரல் உயர்ந்துவிட்டது. "எங்க தாத்தா குடிமகன்தான். 1914-லயே ஆயிட்டாரு. காகிதம் இன்னும் வீட்டுல இருக்கு மேடம்! கழுகு படம், சிவப்பு முத்திரை. ஃப்ரேம் போட்டு முன்னறையில மாட்டியிருக்கோம். சின்ன வயசுல அதைத் துடைக்கிறது என் வேலை."

டோரீன் அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள். "இன்னும் வீட்டுலயே இருக்கா?"

"ஆமா, இருக்கு."

"அப்ப அதை வச்சு அவர் குடிமகன் ஆகலைங்க. முதல் காகிதம்னா 'எனக்கு ஆக விருப்பம்'னு எழுதிக் குடுக்கறது, அவ்வளவுதான். ரெண்டு வருஷம் கழிச்சு ரெண்டாம் காகிதத்துக்கு மனு போடணும். அப்ப இந்த முதல் காகிதத்தைக் கோர்ட்டுல ஒப்படைச்சிடணும். வீட்டுச் சுவத்துல இருக்குன்னாலே ஒப்படைக்கலைன்னுதான் அர்த்தம். ஏழு வருஷத்துல அது செத்த காகிதம்."

ஜெர்மானோ காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துப் பென்சில் வரியை இன்னொரு தடவை படித்தார்.

"நிச்சயதார்த்தப் பத்திரிகையை மாட்டி வச்சிட்டுக் கல்யாணம் முடிஞ்சிடுச்சுன்னு நெனச்சிட்டாரு பாவம்" என்றாள் டோரீன். "அவர் ஒருத்தர் இல்லைங்க. கழுகும் முத்திரையும் பார்த்தா யாருக்குத்தான் தோணாது?"

நத்தாலியாவுக்கு எல்லாம் ஒவ்வொன்றாக விளங்கத் தொடங்கியது. திபூர்சியோ தெருவிலேயே எழுதப் படிக்கத் தெரிந்த பெருமைக்காரர். குடிமகன் என்று மார் தட்டிக்கொண்டவர். தேர்தல் அன்று வார்டுக் கட்சிக்காரரோடு வீடு வீடாகப் போய் ஆட்களை ஓட்டுப்போட இழுத்துக்கொண்டு போனவர். அவரும் போட்டவர்.

"தாத்தா 1936 தேர்தலோட ஓட்டுப் போடறதை விட்டுட்டாரு" என்றார் ஜெர்மானோ. அவருக்கும் அதே யோசனை ஓடிக்கொண்டிருந்தது. "அரசியல் வெறுத்துப் போச்சுன்னு சொல்லுவாரு. எங்க அப்பாவுக்கு ரொம்ப ஆச்சரியம்."

"குடிமகன் இல்லாதவர் ஓட்டுப் போட்டது வெளிய வந்திருந்தா?"

"ஜெயில். இல்லைன்னா திரும்பத் தீவுக்குக் கப்பல். ஆறு பிள்ளைங்களை வச்சிக்கிட்டு."

அதனால் தெரிய விடவில்லை. கோர்ட்டுப் படியில் இறங்கும்போது இரண்டு நண்பர்களும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எந்தக் காகிதத்திலும் இல்லை. ஒருவர் கெஞ்சினாரா, மற்றவர் தானாகவே சொன்னாரா? எப்படியோ, ஊர் ஏதாவது ஒரு காரணம் கேட்கும். நம்பிக்கைத் துரோகி என்ற பெயரைத் திபூர்சியோ வாங்கிக்கொண்டார். அதை அவர்மேல் விழ விட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டார் பெல்மீரோ.

"உங்க தாத்தாவோட மனுவும் இருக்கான்னு பாக்கறேன், இருங்க" என்று டோரீன் உள்ளே போனாள். வெறுங்கையோடு வருவாள் என்று நினைத்தார்கள். கால் மணி நேரம் கழித்து ஒரு கோப்போடு வந்தாள். வந்தவள் எதுவும் விளக்காமல், பக்கத்தைத் திறந்து, அவர்கள் பக்கம் திருப்பி வைத்துவிட்டுத் தன் மேஜைக்குப் போய்விட்டாள். நல்ல மனுஷி.

அதைப் படித்து முடித்தபோது ஜெர்மானோ கைக்குட்டையை எடுத்தார். பஸ் ஓட்டிய முப்பத்தைந்து வருஷத்தில் அழுததில்லை என்று பீற்றிக்கொள்கிறவர்.

மறுநாள் மத்தியானம் நகல்களை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் கீழ் வீட்டுக்குப் போனார்கள். கதவருகிலேயே இதலினா பார்த்துவிட்டாள்.

"அவன் வெளியவே நிக்கட்டும்."

"அம்மா!"

"அவன் நிக்கறதுல எனக்கு ஆட்சேபம் இல்லை. உள்ள வரக்கூடாது."

ஜெர்மானோ வாசற்படியிலேயே தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நத்தாலியா பூதக்கண்ணாடியை எடுத்து வந்து அம்மா கையில் கொடுத்து, பெல்மீரோவின் மனுவை மேஜைமேல் வைத்தாள்.

இதலினாவின் கண் நேரே கையெழுத்துக்குத்தான் போனது. "இது அப்பா" என்றாள். குரலே மாறிவிட்டது. "முதல் எழுத்து தலையில ஒரு சுழி பாத்தியா? நான் சொல்லிக் குடுத்தது. அழகா இருக்கும்னு. எதுக்கு இந்த வாலுன்னு கேட்டாரு. போடுங்கப்பான்னு அதட்டினேன்."

"மேல படிம்மா. ஓரத்துல."

பூதக்கண்ணாடி ஓரத்துக்கு நகர்ந்தது. நத்தாலியா எல்லாவற்றையும் சொன்னாள். முதல் காகிதம், சுவரில் மாட்டிய ஃப்ரேம், ஓட்டு, கப்பல் பயம், ஒன்று விடாமல்.  

"அன்னைக்கு அப்பா வந்து கோட்டைக்கூடக் கழட்டலை" என்றாள் இதலினா. "என்னாச்சுன்னு அம்மா கேட்டா. 'திபூர்சியோ சாட்சி நிக்கலை'ன்னாரு." உதடு மட்டும் அந்த வார்த்தையை இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தது. "நிக்கலைன்னுதான் சொன்னாரு. வரலைன்னு சொல்லலை. வரலையாம்னு சொன்னது அம்மா. அப்புறம் நான். அப்புறம் தெரு பூரா."

"தாத்தா பொய் சொல்லலைம்மா."

"உண்மையும் சொல்லலையே!" மேஜையில் ஓங்கி அடித்தாள். மொச்சைத் தட்டு குதித்தது. "கிறுக்கனுங்க! ரெண்டு பேரும் கிறுக்கனுங்க! பதினாறு வயசுல என்னை மெஷின்ல உக்கார வச்சாங்களே, ஏன்னு எனக்குத் தெரிய வேண்டாமா? நான் வாயை மூடிட்டு இருந்திருக்க மாட்டேனா? எழுபத்தாறு வருஷம்டீ. ஒரு மனுஷனை எழுபத்தாறு வருஷம் திட்டியிருக்கேன். ராத்திரி ஜெபத்துலகூட அவனை விட்டுட்டுத்தான் மத்தவங்களுக்கு வேண்டிக்கிட்டேன்."

வாசலில் நின்ற ஜெர்மானோ தலையைக் குனிந்துகொண்டார். நத்தாலியா இன்னொரு நகலை மெதுவாக முன்னால் நகர்த்தினாள்.

"இது 1944. திபூர்சியோ தாத்தாவோட மனு. புதுசா முதல் காகிதம் வாங்கி, காத்திருந்து, போட்டிருக்காரு. நம்ம தாத்தா வேற சாட்சி வச்சு 1941-லயே குடிமகன் ஆயிட்டாருல்ல? சாட்சி யாருன்னு பாரு."

இதலினா பார்த்தாள். அந்தச் சுழியை இரண்டாவது தடவை பார்த்தாள். இந்தத் தடவை அது இன்னும் பெரிதாக, தைரியமாக இருந்தது. அதற்கு மேலே அச்சடித்திருந்ததை, வாத்தியாராக வேண்டியிருந்த குரலில், ஒவ்வொரு சொல்லாக உரக்கப் படித்தாள்.

"மனுதாரரை நான் 1909-ஆம் ஆண்டிலிருந்து நேரடியாக அறிவேன். அவர் நல்லொழுக்கம் உள்ளவர். என் கருத்தில் அவர் எல்லா வகையிலும் தகுதியானவர். கடவுள் சாட்சியாக..."

அதற்கு மேல் படிக்கவில்லை. பூதக்கண்ணாடியைக் கவிழ்த்து வைத்தாள்.

"இதுக்கு ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் என் கல்யாணம்" என்றாள். "அப்பா காதுல சொன்னாரே. நான் மாட்டேன்னதும் ஏதோ சொல்ல வந்தாரு. சொல்லலை." பிறகு, "போங்க ரெண்டு பேரும். கதவைச் சாத்திட்டுப் போங்க" என்றாள்.

அன்று ஆறு மணிக்குத் துடைப்பக் கட்டை தட்டவில்லை. மறுநாளும் தட்டவில்லை. நத்தாலியா கிண்ணத்தில் கீரை சூப்பை எடுத்துக்கொண்டு கீழே போனால், "வச்சிட்டுப் போ" என்று ஒரே வார்த்தை. தப்புப் பண்ணிவிட்டோமோ என்று அவளுக்குத் தோன்றியது. தொண்ணூற்றொரு வயசில் ஒரு பழைய கோபம்தான் அம்மாவைத் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்ததோ என்னவோ. அதையும் பிடுங்கிவிட்டோமே. கோயிலுக்குப் போன் செய்து நாளைத் தள்ளிவைக்கலாமா என்றுகூட ஜெர்மானோவிடம் கேட்டாள். "உங்க அம்மா எப்ப சொல்றாங்களோ அப்ப" என்றார் அவர்.

நாலாம் நாள் சாயங்காலம் கூரையில் இரண்டு தட்டு. நத்தாலியா செருப்புகூடப் போடாமல் இறங்கி ஓடினாள்.

இதலினா மேஜை முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். "கோயில்ல கையெழுத்துப் போட ரெண்டு சாட்சி வேணுமில்ல. யாரு?"

"என் சிநேகிதி லுர்தெஸ். அப்புறம் ஜெர்மானோவோட மச்சான்."

"அந்த மச்சானை எடுத்துடு."

"ஏம்மா?"

"நான் நிக்கறேன்" என்றாள் இதலினா. "சூப் ஆறுது, உக்காரு. அவனையும் கூப்பிடு. மாடியிலதான இருக்கான்? எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது."

கல்யாணத்தன்று மழை. நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு கோயிலுக்குள் நுழைந்த இதலினா முன்வரிசைக்குப் போகவில்லை. கடைசி வரிசையில், தூணுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டாள். நத்தாலியா பூச்செண்டோடு பின்னால் நின்றாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆர்கன் வாசிக்கிறவர் ஒரு பாட்டை முடித்துவிட்டு வேறு வழியில்லாமல் திரும்ப ஆரம்பித்தார்.

அந்த வரிசையில் யாரும் இல்லை. இதலினா நடைவண்டியிலிருந்து ஒரு கையை எடுத்தாள். தலைமுக்காட்டைச் சரி செய்தாள். தலையைக் கொஞ்சம் குனிந்தாள்.

"ஞானத்தப்பா" என்றாள். "ஆசி குடுங்க."

யாரோ தலையில் கைவைத்து எடுக்கும் அளவுக்குக் காத்திருந்தாள். பிறகு நிமிர்ந்து, "ம், நட" என்று மகளை அதட்டிவிட்டு முன்னால் போனாள். நத்தாலியாவுக்குக் கண்ணே தெரியவில்லை. அம்மாவின் முதுகைப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

பூசை முடிந்து பதிவேட்டைத் திறந்தார்கள். இளவயதுப் பாதிரியார் சாட்சிக்கான கோட்டை விரலால் காட்டினார். இதலினா பேனாவை வாங்கி, அவசரமே இல்லாமல் எழுதினாள். பிறந்த வீட்டுப் பெயரும் புகுந்த வீட்டுப் பெயருமாக: இதலினா ரெசெண்டே பொத்தேல்யோ. முதல் எழுத்தின் தலையில் ஒரு சுழி போட்டாள். பேனாவை மூடாமல் பாதிரியாரைப் பார்த்தாள்.

"நல்லாப் பாத்துக்கோங்க ஃபாதர். நான் இந்த ஊர்லயே பிறந்தவ. முதல் காகிதம், ரெண்டாம் காகிதம் ஒண்ணும் கிடையாது எனக்கு. சாட்சி நிக்குமில்ல?"

பாதிரியாருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் பக்கத்தில் நின்ற மாப்பிள்ளை, பேரன் ஃபுர்த்தாதோ, முகத்தைத் திருப்பிக்கொண்டு கைக்குட்டையைத் தேடுவதைப் பார்த்தார்.

"நிக்கும்மா" என்றார். "நல்லாவே நிக்கும்."